எடுத்துட்டேன், கேப்டன்

முதலில் போனது குரல்தான். காதை இறுக்கியிருந்த ஹெட்செட்டுக்குள் கேப்டன் பேசிக்கொண்டே வந்தார். கரங்கான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் மேல் பாதிக்கும் அதிகமாகப் பறந்து முடித்திருந்தோம். இன்னும் நாலு தடவை நேர்கோட்டில் போய் வந்தால் வேலை தீர்ந்தது, மழைக்கு முன்னால் இறங்கிவிடலாம், சுங்கைப் பட்டாணிக்குப் போய்ச் சூடாக மீ கோரேங் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோனார். பின்னிருக்கையிலிருந்து பார்த்தால் அவருடைய தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என் காதில் ஒன்றும் இல்லை. ஹெட்செட் கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகினேன். அதற்குள் கேமராவின் திரையும் கறுத்துவிட்டது. எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சின்ன விமானத்தில் மின்சாரத்தில் ஓடுகிற எல்லாமே ஒன்றாகச் செத்துவிட்டன என்பது எனக்குப் புரிய அரை நிமிடமாவது ஆகியிருக்கும். ஆனால் ஏன் செத்தன என்பது அதற்கும் முன்பே புரிந்துவிட்டது. உடம்பு சில்லிட்டது அதனால்தான்.

அவரை நாங்கள் எல்லாரும் கேப்டன் என்றே கூப்பிட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அவர் மனைவி உட்பட. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வேலைக்கு வந்த குடும்பம். தாத்தா ரயில்வேயில் இருந்தார், அப்பா தபால் நிலையத்தில் இருந்தார், இவர் மட்டும் ஆகாயத்துக்குப் போய்விட்டார். அறுபதைக் கடந்தும் முதுகு வளையாதவர். நான் கரங்கான் தோட்டத்தில் பிறந்தவள். என் அப்பாவும் அம்மாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். நான் பேசுகிற தமிழைக் கேட்டு அவரும், அவர் பேசுகிற தமிழைக் கேட்டு நானும் சிரித்துக்கொள்வோம். சுங்கைப் பட்டாணியில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தோட்டங்களை மேலே இருந்து படம் பிடித்து, எந்த மரம் பட்டுப்போகிறது, எந்தப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். விமானத்தை வாடகைக்கு எடுப்போம். கேப்டன் ஓட்டுவார், நான் படம் எடுப்பேன். நாலு வருடம் அப்படிப் பறந்தோம். அம்மாவிடம் 'ஆபீஸ் வேலை' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

விமானத்திலிருந்து படம் எடுப்பவர்களுக்குப் பெரிய எதிரி மேகம் இல்லை, ஜன்னல் கண்ணாடிதான். உள்ளே பளபளக்கிற எதுவும் கண்ணாடியில் விழுந்து படத்தில் ஏறிவிடும். அதனால் நான் கறுப்புச் சட்டைதான் போடுவேன். கேப்டனின் வெள்ளைச் சட்டையையும் கழற்ற வைத்துக் கருநீலத்துக்கு மாற்றினேன். "அடக்கத்துக்குப் போற ஆக்கள் மாதிரி வெளிக்கிட்டிருக்கிறம்" என்று ஒவ்வொரு நாளும் ஏறும்போது சொல்வார். அப்படியும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. முன்பலகையில் அவருக்கு இடப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. எஞ்சின் சுற்றும்போது பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும் கருவி வேலை செய்யாவிட்டால் அது எரியும். அது எரிந்தால், பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிட வேண்டும். ஆனால் அந்தப் பழைய விமானத்தில் அந்த விளக்குக்கு ஒரு கெட்ட பழக்கம். எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே காரணமில்லாமல் கண் சிமிட்டும். நாங்களோ படம் எடுக்க மெதுவாகத்தான் பறக்க வேண்டும். மெக்கானிக் இரண்டு முறை பார்த்துவிட்டு, அதன் குணமே அப்படித்தான் என்று கைகழுவிவிட்டார். அந்தச் சிமிட்டல் கண்ணாடியில் விழுந்து, ஒரு தோட்டத்துப் படத்தில் சிவப்புப் புள்ளியாகிவிட்டது. நோய் வந்த மரம் என்று நினைத்து மானேஜர் இரண்டு ஆட்களை அனுப்பி, அவர்கள் அரைநாள் காட்டுக்குள் சுற்றிவிட்டு வந்தார்கள். எங்கள் முதலாளி என்னைத் திட்டிய திட்டு கீழே மாமாக் கடையில் ரொட்டி போடுகிறவருக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் டேப் வந்தது. கறுப்பு டேப்பில் விரல் நகம் அளவுக்கு வெட்டி விளக்கின் மேல் ஒட்டிவிடுவேன். கேப்டனுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு விதி போட்டார். படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும்தான் டேப். ஒரு தோட்டம் முடிந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும் வழியில் அதை எடுத்துவிட வேண்டும், அந்த இடைவேளையில் விளக்கை அவர் பார்ப்பார். ஒட்டினால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், எடுத்தாலும் சொல்ல வேண்டும். நான் "ஒட்டிட்டேன், கேப்டன்" என்பேன், அவர் "ஓம்" என்பார். "எடுத்துட்டேன், கேப்டன்" என்பேன், அதற்கும் "ஓம்" என்பார். உலகத்தில் வேறு எந்த விமானத்திலும் யாரும் இப்படி ஒரு பேச்சு பேசியிருக்க மாட்டார்கள்.

முன்பக்க வலது இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே கேமராத் தாங்கியைப் பொருத்தியிருந்தோம். நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். டேப்பை எடுக்க வேண்டுமானால் பெல்ட்டை அவிழ்த்து, தாங்கியின் மேல் சாய்ந்து, கேப்டனின் தோளுக்குப் பக்கத்தில் கையை நீட்ட வேண்டும். விமானம் குலுங்கினால் நெற்றி எங்காவது இடிக்கும். அன்றைக்கு முதல் தோட்டம் முடிந்து கரங்கானுக்குப் போக ஏழெட்டு நிமிடம்தான். காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். கேப்டன் கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு, கோடுகள் வரைந்த திரையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏழு நிமிடத்துக்காக அவிழ்த்து, சாய்ந்து, மறுபடி ஒட்டி, என்னத்துக்கு என்று தோன்றியது. "எடுத்துட்டேன், கேப்டன்" என்றேன். "ஓம்" என்றார். கரங்கான் வந்ததும், ஏற்கெனவே ஒட்டியிருந்த டேப்பைக் கையால் தொடக்கூட இல்லாமல் "ஒட்டிட்டேன், கேப்டன்" என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னது முதல் தடவையும் இல்லை. அதற்கு முன்பே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதே எனக்குத் தைரியமாகிவிட்டது.

அந்த ஏழு நிமிடத்திலோ அதற்குச் சற்று முன்போ பேட்டரியை நிரப்பும் கருவி நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு இந்த முறை சிமிட்டாமல் நிலையாக, என் டேப்புக்கு அடியில் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன முள் மானியும் உண்டு. அதைப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். கோட்டை விட்டு விலகாமல் பறப்பதில் முழுக் கவனமாக இருந்தவர் விளக்கைத்தான் நம்பியிருந்தார். அதாவது என்னை நம்பியிருந்தார். என் கேமராவும் அதன் தாங்கியும் பேட்டரியில் இருந்ததையெல்லாம் உறிஞ்சி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

எல்லாம் செத்துப்போனதும் எனக்கு வந்த முதல் பயம் விழுந்துவிடுவோம் என்பதல்ல. அவர் அந்த டேப்பைப் பார்த்துவிடுவாரே என்பதுதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தேன். அவர் பார்ப்பதற்குள் பிய்த்துவிட வேண்டும். கை தாங்கியில் இடித்தது. நான் நிமிர்வதற்குள் அவருடைய பார்வை பலகையில் இடப்பக்கம் போய் நின்றுவிட்டது. பிறகு விரலால் டேப்பைச் சுரண்டி எடுத்தார். அதற்கடியில் விளக்கும் இருட்டாகத்தான் இருந்தது, எரிவதற்கு அதற்கும் மின்சாரம் மிச்சமில்லை. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நீட்டிய கையோடு நான் அப்படியே இருந்தேன். டேப்பை உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் திரும்பிவிட்டார். திட்டியிருந்தால் என் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் சாவு பயம் வந்தது. பலகையில் எரிபொருள் அளவைக் காட்டும் இரண்டு முள்களும் என் கண்ணெதிரே படுத்துக்கொண்டன. இரண்டு டேங்க்கும் காலி என்று காட்டின. நான் அலறிவிட்டேன். கேப்டன் ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்தினார். "அதுவும் கரண்ட்டிலதான் வேலை செய்யும்! காலமை நானே குச்சி விட்டுப் பாத்தனான், எண்ணெய் இருக்கு! எஞ்சின் நிக்காது, அதுக்குக் கரண்ட் வேண்டாம்!" எனக்கு அறிவுக்கு எட்டியது, வயிற்றுக்கு எட்டவில்லை. ஒவ்வொரு முறை எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறும்போதும் முடிந்தது என்று நினைத்தேன். கண் அந்த முள்களை விட்டு நகரவே இல்லை.

பினாங்கு விமான நிலையத்துக்குப் போனால் பெரிய ஓடுபாதை உண்டு, தீயணைப்பு வண்டி உண்டு. ஆனால் எங்களிடம் ரேடியோ இல்லை, எங்களை அவர்களுடைய ராடாரில் சரியாகக் காட்டும் கருவியும் செத்துவிட்டது. பெரிய விமானங்கள் இறங்கும் வழியில் வாயும் இல்லாமல் அடையாளமும் இல்லாமல் நுழைவதா என்று கேப்டன் யோசித்திருக்க வேண்டும். மேற்கே ஒரு முறை பார்த்தார், வடக்கே ஒரு முறை பார்த்தார். சிடாம் கிரிக்குப் பக்கத்தில், பழைய தோட்டத்து ஓடுபாதையிலிருந்துதான் நாங்கள் கிளம்பியிருந்தோம். குட்டையான புல்தரை. இந்தப் பக்கம் செம்பனை, அந்தப் பக்கம் செம்பனை, கடைசியில் ஒரு வடிகால். அங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திசையில் ஜெராய் மலையைக் காணவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் மழை நின்றுகொண்டிருந்தது.

மழை விலகட்டும் என்று கரங்கானுக்கு மேலேயே வட்டம் போட்டார். அந்த வட்டங்களை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் என் ஜன்னலுக்குக் கீழே நான் படித்த பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை வரும், முனீஸ்வரர் கோயில் வரும், அதற்குப் பின்னால் எங்கள் வீட்டு வரிசை வரும். அம்மா கீழே இருக்கிறாள். இந்த நேரத்துக்குத் துணி எடுத்துக்கொண்டிருப்பாள், அல்லது நாடகம் பார்த்துக்கொண்டிருப்பாள். மேலே சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தால்கூட நான்தான் என்று தெரியாது. எங்கள் வீட்டு மேலேயே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். பிறகு, அவளைத் தனியாக விட்டுவிட்டு வேறு எங்காவது விழுந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். முனீஸ்வரரிடம் வேண்ட வாயெடுத்தால், காப்பாத்து என்று வருவதற்குப் பதில் 'எடுத்துட்டேன்னு சொன்னது தப்புதான்' என்றுதான் வந்தது.

மழைச்சுவர் கொஞ்சம் நகர்ந்ததும் கேப்டன் வடக்கே திரும்பினார். ஓடுபாதையில் ஒரு பிரச்சினை உண்டு. மதியத்துக்கு மேல் தோட்டத்து மாடுகள் அங்கேதான் மேயும். நாங்கள் இறங்குவதற்கு முன் ரேடியோவில் சொன்னால், அங்கே காவலுக்கு இருக்கும் ஜாகா அண்ணன் விரட்டிவிடுவார். கேப்டன் காதருகே கையை வைத்துக் காட்டினார். என் கைப்பேசியை எடுத்தேன். மூன்று முறை லைன் கிடைக்கவில்லை. தாழ இறங்கியதும் கிடைத்தது.

"அண்ணே! மாட்ட வெரட்டுங்க! ரேடியோ செத்துப்போச்சு! வந்துகிட்டு இருக்கோம்!"

"என்னாம்மா? ஒன்னும் கேக்கல! இங்க மழ ஊத்துது லா!"

"மாடு, அண்ணே! மாடு!"

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, லைன் அறுந்துவிட்டது. அவருக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியாமல், மரங்களின் தலையை உரசுவதுபோல் தாழப் பறந்து ஓடுபாதையை ஒருமுறை பார்த்துக்கொண்டே போனோம். நடுவில் நாலைந்து மாடுகள் நின்றன. மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று அவற்றை நோக்கிக் கையை வீசிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் மேலே ஏற்றி ஒரு சுற்று சுற்றினார்.

அந்தச் சுற்றில்தான் அவர் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இறங்கும்போது வேகத்தைக் குறைப்பதற்கு இறக்கையின் பின்விளிம்பில் தகடுகள் இறங்கும். அவையும் மின்சாரத்தில்தான் இறங்கும். தகடு இல்லாமல் வேகமாகத்தான் தரையைத் தொட வேண்டும். தரையோ நனைந்த புல். "நிக்கிறதுக்கு இடம் காணாமப் போகலாம்" என்றார். "உன்ரை சப்பாத்தைக் கழட்டு. கதவைத் திறந்து அதை இடுக்கில வை. இடிச்சாக் கதவு இறுகிப் போகும். பையை முகத்தில வைச்சுக் குனிஞ்சு இரு. நிண்ட உடனே இறங்கி ஓடு. எனக்காக நிக்காதை." குரலில் நடுக்கம் இல்லை. ஆனால் பிடரியில் வியர்வை வழிந்து அந்தக் கருநீலச் சட்டைக் காலர் நனைந்திருந்தது. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன்வரை, எனக்கும் சேர்த்து அவர் தைரியமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது போனதும் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. சப்பாத்தைக் கழற்ற முடியாமல் கயிற்றோடு பிடுங்கினேன்.

மாடுகள் ஓரத்தில் நின்றன. இரண்டு பக்கமும் செம்பனை மட்டைகள் பின்னால் பறந்தன. சக்கரம் தரையைத் தொட வேண்டும், தொட வேண்டும் என்று காத்திருக்கிறேன், தொடவில்லை. விமானம் புல்லுக்குச் சற்று மேலே மிதந்துகொண்டே போனது, பாதி ஓடுபாதை தீர்ந்துவிட்டது. பிறகு ஒரு அடி, தூக்கியது, மறுபடி அடி. கேப்டன் பிரேக்கில் இரண்டு காலாலும் நிற்பது தெரிந்தது. சக்கரம் உருளாமல் வழுக்கியது. பையை முகத்தில் வைக்க மறந்து கண்ணைத் திறந்துகொண்டே இருந்தேன். வடிகாலின் சிவந்த தண்ணீர் நேரே வந்தது. மூக்கு அதற்குள் இறங்கிற்று, பின்பக்கம் எழும்பிற்று, ஏதோ என் தோளில் வந்து விழுந்தது. கேமராதான். பிறகு மழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும்.

பெட்ரோல் நாற்றம் அடித்தது. பெல்ட்டில் முன்னால் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தேன். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "ஓடு" என்றார் கேப்டன். முன்பலகை மடங்கி அவருடைய வலது காலின் மேல் இறங்கியிருந்தது. நான் ஓடவில்லை என்று யாராவது எழுதினால் அது தைரியம் மாதிரித் தெரியும். உண்மையில் எனக்குக் கால் எழும்பவில்லை. ஜாகா அண்ணன் வந்து கதவைப் பிடுங்கி என்னை இழுத்துப் புல்லில் போட்டார். அவரும் தோட்டத்துக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்து கேப்டனை வெளியே கொண்டுவர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை விமானம் எந்தக் கணமும் பற்றிக்கொள்ளும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அது பற்றவில்லை. கேப்டன் ஒரு முறைகூடக் கத்தவில்லை.

அவருக்குக் கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது. எனக்கு நெற்றியில் தையல். மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். போகும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கட்டிலருகே போனதும் அழுகைதான் வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "விசாரணைக்கு ஆக்கள் வருவினம். டேப் ஒட்டச் சொன்னவன் நான். எடுக்கச் சொல்ல மறந்தவனும் நான். விளங்கிச்சே?" என்றார்.

"கேப்டன், நான்தான் எடுத்துட்டேன்னு..."

"எனக்கு அப்பிடி ஒண்டும் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் பேச்சு எங்கேயும் பதிவாகவில்லை. விமானத்துக்குள் சொன்ன அந்த ஒரு சொல் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், அதில் ஒருவர் கேட்கவில்லை என்கிறார். விசாரணைக்கு வந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். டேப்பை எடுக்கும்படி உங்களிடம் சொல்லப்பட்டதா, எடுத்ததாக நீங்கள் சொன்னீர்களா என்று. ஞாபகமில்லை என்று மலாயில் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். அம்மா, பயந்த கோளாறு என்று கோயிலில் திருநீறு வாங்கிவந்து பூசினாள்.

கேப்டன் அதற்குப் பிறகு பறக்கவில்லை. கால் மட்டும் காரணமென்றால் ஒருவேளை திரும்பியிருப்பார். தப்பு விமானியுடையது என்று எழுதப்பட்ட பிறகு, அந்த வயதில் அவரை யாரும் கூப்பிடவில்லை. கோத்தா கோலா மூடாவில் ஆசிரியையாக இருந்த அவர் மனைவிக்கு அங்கே ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டோடு போய் இருந்துவிட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழக்கூடை எடுத்துக்கொண்டு போவேன். மழையைப் பற்றிப் பேசுவோம், அவருடைய கால்வலியைப் பற்றிப் பேசுவோம். ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ என்று நெஞ்சு அடிக்கும். கேட்க மாட்டார். திரும்பும்போது நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதியை நினைத்தாலே அருவருப்பாகவும் இருக்கும். ஆறு வருடம் இப்படிப் போனது.

இந்த வருடம் எங்கள் அலுவலகம் இடம் மாறியது. இப்போது எல்லாம் டிரோன்தான், யாரும் மேலே போக வேண்டியதில்லை. பழைய கோப்புகளைக் கட்டும்போது விசாரணை அறிக்கையின் நகல் கையில் கிடைத்தது. அதுவரை அதை நான் படித்ததில்லை, படிக்கப் பயம். அதில் கேப்டனின் வாக்குமூலம் இருந்தது. டேப் எடுக்கப்பட்டதாக உடன் பறந்தவர் எதுவும் சொல்லவில்லை, அது தெரிந்தும் நான் கேட்கத் தவறினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் மறைக்காமல் பதிவேட்டில் எழுதுகிற மனிதர். எனக்காக, தன் கைப்பட, ஒரு பொய். நான் சொன்னது காற்றோடு போன பொய், அவருடையது காகிதத்தில் நிற்கிறது. அன்று இரவு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். மறுநாள் மாலை சுங்கைப் பட்டாணி தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாக விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்தே நேராகக் கோத்தா கோலா மூடாவுக்குக் காரை விட்டேன். முன்பே சொன்னால் தடுத்துவிடுவார் என்று தெரியும்.

அவர் மனைவி தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கேப்டன் ஊன்றுகோலின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அனுப்பிட்டியே?"

"அனுப்பிட்டேன், கேப்டன்."

வாய் அதைச் சொன்ன தொனியை என் காதே கேட்டது. அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உண்மையாவோ?" என்றார். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பையைத் துழாவி ரசீதை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பி, நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எதிர்வீட்டு வாசலில் யாரோ வலை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"அண்டைக்கு மேலயே உன்னைத் திட்டியிருப்பன்" என்றார் கேப்டன். "திட்டினா என்ரை கை நடுங்கும் எண்டுதான் விட்டனான். இறங்கினாப் பிறகு திட்டுவம் எண்டு வைச்சிருந்தன். பிறகு நீ கட்டிலடியில வந்து நிண்டு அழுதாய்."

"இப்ப திட்டுங்க, கேப்டன்."

திட்டினார். நான் சம்பிரதாயத்துக்குக் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் மெதுவாகத் தொடங்கினார். பிறகு குரல் ஏறிற்று. இரண்டு உயிர், பிள்ளை, ஏழு நிமிடச் சோம்பலுக்கு இரண்டு உயிர் என்றார். எத்தனை தடவை அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். நாலைந்து தடவை என்றதும் ஊன்றுகோலால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். நாற்பது வருடத்தில் நான் கண்ணால் பார்க்காமல் நம்பிய ஒரே ஆள் நீ என்றார். அவர் மனைவி சமையலறை வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். முடிந்ததும் இருவருக்கும் மூச்சு வாங்கியது. தேநீர் ஆறிவிட்டிருந்தது, அவர் அதைக் குடித்தார். கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. என் வேலை போகலாம், வழக்கே வரலாம். அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் அது என் பயம். அவர் தலையில் ஏற்றிவைத்த பயம் இல்லை.

இருட்டிய பிறகு கரங்கானுக்குத் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூலிம் சாலையில் முன்னால் போகிற வண்டியே தெரியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். அப்போது போன் அடித்தது. கேப்டன்தான். அத்தனை வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டதில்லை.

"வீட்டை போய்ச் சேந்திட்டியே?"

வீட்டுக்கு இன்னும் பத்து நிமிடம்தான். வயதான மனிதர், மழை என்றால் கவலைப்படுவார், எதற்கு அவரைக் காக்க வைப்பது என்று தோன்றியது. சேந்துட்டேன் என்பது நாக்கின் நுனிக்கு வந்தேவிட்டது. அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் என்னை நடுங்க வைத்தது.

"இன்னும் இல்ல, கேப்டன். மழை. ரோட்டு ஓரத்துல நிக்கிறேன். பத்து நிமிஷம் இருக்கு."

"ஓம்" என்றார். "அப்ப போய்ச் சேந்தாப் பிறகு சொல்லு. முழிச்சிருக்கிறன்."

மழை குறைய இருபது நிமிடம் ஆனது. வீட்டு முன்னால் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கி, நனைந்துகொண்டே நடந்து, எங்கள் வீட்டுக் கதவைக் கையால் தொட்ட பிறகுதான் அவருக்குப் போன் செய்தேன்.